ஃபோர்மட் பண்ண முதல் ஒரு பென் டிரைவ்



"சேர், லெப்டொப் ஓபன் ஆகுதில்ல. கடையில காட்டினேன், ஃபோர்மட் பண்ணத்தான் வேணுமாம், உள்ளுக்க உள்ளதெல்லாம் போயிருமாம்." இதே வசனத்தை ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் பல தடவை கேட்டுவிட்டேன். ஆகவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

விண்டோஸ் பழுதாவது வேறு, உங்கள் ஃபைல்கள் அழிவது வேறு. முன்கதவுப் பூட்டு இறுகிவிட்டால் யாரும் வீட்டை இடிப்பதில்லை. குசினிக் கதவால் உள்ளே போய்ச் சாமான்களை வெளியே எடுப்போம். அந்தக் குசினிக் கதவுதான் பூட்டபிள் பென் டிரைவ். கணனி தன் ஹார்ட் டிஸ்கில் உள்ள விண்டோஸை விட்டுவிட்டு, பென் டிரைவில் உள்ள லினக்ஸைக் கொண்டு எழும்பும். அது ரேமில்தான் ஓடும். நாமாக எதையும் எழுதாதவரை ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது.

எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவரின் மடிக்கணனி தவணை முடிவில் படுத்துவிட்டது. வட்டம் சுற்றும், நீலத்திரை வரும், திரும்ப வட்டம் சுற்றும். தரம் 11 பிள்ளைகளின் புள்ளிகள் அதற்குள். புள்ளிகளை விடைத்தாள்களைப் பார்த்துத் திரும்பவும் எழுதலாம். ஆனால் போன வருடம் மௌத்தான அவருடைய வாப்பா யாஸீன் ஓதிய ஒலிப்பதிவும் அதற்குள்தான். போனில் இடம் போதாமல் கணனிக்கு மாற்றியது, வேறு பிரதி இல்லை. கடைக்காரர் ஃபோர்மட் என்றதும் மனிசி அழுதுகொண்டு வந்தார்.

இனி வேலை. நல்ல நிலையில் உள்ள இன்னொரு கணனி வேண்டும், 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும் வேண்டும். அதில் உள்ளவை எல்லாம் அழியும், முதலே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். லினக்ஸ் மின்ட் ஐ.எஸ்.ஓ. ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜி.பி., இரவு டேட்டாவில் இறக்கினால் செலவு தெரியாது. உபுண்டுவும் நல்லதுதான், ஆனால் இப்போது அது மின்டைவிட மிகப் பெரிய ஃபைல். பிறகு ரூஃபஸ் என்ற சின்ன இலவச மென்பொருள். பென் டிரைவைத் தெரிவு செய்து, ஐ.எஸ்.ஓ.வைக் காட்டி, ஸ்டார்ட். ஐ.எஸ்.ஓ.வைச் சும்மா கொப்பி பண்ணி பென் டிரைவில் போட்டால் பூட் ஆகாது. அநேகமானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

பழுதான கணனியில் பென் டிரைவைச் செருகி, ஓன் பண்ணிய கையோடு பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்.பி.யில் எஃப்9. பட்டியலில் யு.எஸ்.பி.யைத் தெரிவு செய்தால் சில நிமிடத்தில் மின்ட் டெஸ்க்டொப் வரும். அதிலே 'இன்ஸ்டோல்' என்று ஒரு ஐகன் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்! ஃபைல் மெனேஜரைத் திறந்து விண்டோஸ் டிரைவுக்குள் யூசர்ஸ் ஃபோல்டருக்குப் போனால் உங்கள் பெயரில் எல்லாம் இருக்கும். எக்ஸ்டர்னல் ஹார்ட் ஒன்றுக்குக் கொப்பி பண்ணுங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள்களை அங்கே திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், ஃபைல் பழுதில்லை. பாமினி உள்ள கணனியில் திறந்தால் தமிழ் வரும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, டிரைவைத் திறக்கும்போது பிட்லொக்கர் கீ கேட்டால் அது 48 இலக்க எண். புதிய விண்டோஸ் 11 மடிக்கணனிகளில் உங்களுக்குத் தெரியாமலே அது போட்டிருக்கலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கினால் உள்நுழைந்திருந்தால் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் கீ கிடைக்கும். இல்லாவிட்டால் இந்த வழி உதவாது. மற்றது, ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே ஓஃப் பண்ணிவிடுங்கள். அதற்கு மேல் நம்மைப் போன்றவர்கள் கை வைக்கும் வேலையில்லை.

டீச்சருடையதில் சத்தம் இல்லை, ஆனால் படுமோசமான மந்தம். மின்டிலேயே உள்ள டிஸ்க்ஸ் என்ற மென்பொருளில் பார்த்தேன், பழுதான செக்டர்கள் ஏறிக்கொண்டிருந்தன. அந்த டிஸ்கை ஃபோர்மட் பண்ணி விண்டோஸ் போட்டிருந்தால் காசும் போயிருக்கும், கொஞ்ச நாளில் அதுவும் படுத்திருக்கும். கடையில் இதை ஏன் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முக்கியமானதை முதலில் எடுப்போம் என்று ஒலிப்பதிவு, பிறகு புள்ளிகள், கடைசியில் படங்கள். அஸருக்குத் தொடங்கியது இஷாவுக்குத்தான் முடிந்தது. இரண்டு ஃபோல்டரில் சில படங்கள் வாசிக்கவே முடியாமல் போயின. யாஸீன் முழுமையாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ். டீச்சர் இன்னும் அதைப் போட்டுக் கேட்கவில்லையாம். ஆனால் மூன்று இடத்தில் பிரதி வைத்துவிட்டார்.

புது எஸ்.எஸ்.டி. போட்டு அதே மடிக்கணனி இப்போது ஓடுகிறது.

அந்த பென் டிரைவ் ஆசிரியர் அறை அலுமாரியில் என் தட்டில் இருக்கிறது, சிவப்பு டேப் சுற்றியிருக்கும். தேவையானவர்கள் எடுக்கலாம். வினாத்தாள் கொப்பி பண்ண யாரும் அதை எடுத்து ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள், ப்ளீஸ்.