கள்வன் யார் என்று கேட்கும் வயது

தண்டலம் கூட்டுச்சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களில் இருபதை ஒட்டிய வயதினரே அதிகம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று நீளும் சிப்காட் வளாகங்களில் காரும் கைப்பேசியும் தொலைக்காட்சியும் செய்கிற கைகளில் பெரும்பாலானவை இந்த வயதுக் கைகள்தான். இதே சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இத்தனை இளைஞர்கள் கூடி வாழும் ஒரு வட்டாரத்தில், அவர்கள் வயதுக்கென்றே தமிழில் எழுதப்பட்ட நாவல் எது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. சிறுவர்களுக்கு 1947 முதல் அம்புலிமாமா இருந்தது. பெரியவர்களுக்கு நாவல்களுக்குக் குறைவில்லை. இடைப்பட்ட வயதுதான் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வயதினரைப் பெருமளவில் ஈர்த்து வைத்திருப்பவை மந்திரமும் திருடர்களும் அரச குடும்பமும் கலந்த கற்பனை நாவல்கள். அந்த வகை நாவல்கள் தமிழில், இந்த வட்டாரத்து இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எது யாருக்குச் சொந்தம், யாரைக் கள்வன் என்று அழைப்பது என்ற கேள்விகளை ஓர் இளம் மனம் துணிந்து எடைபோட அவை இடம் தருகின்றன. அதற்கு வேண்டிய முதலும் தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது.

முதலில் இந்த நாவல்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். மேகன் வேலன் டர்னர் 1996இல் எழுதிய ‘தி தீஃப்’ நாவலில், சிறையில் கிடக்கும் ஜென் என்ற இளம் திருடனை அரசனின் அறிஞர் ஒருவர் வெளியே அழைத்து வருகிறார். ஒரு நாட்டின் அரசுரிமையையே நிலைநாட்டும் பழங்காலக் கல் ஒன்றை அவன் திருடித் தர வேண்டும். லீ பார்டூகோவின் ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ 2015இல் வந்தது. ஒரு வணிக நகரத்தின் சந்துகளில் ஒன்றுசேர்ந்த ஆறு இளைஞர்கள், யாராலும் புக முடியாத கோட்டை ஒன்றுக்குள் நுழையப் புறப்படுகிறார்கள். அவர்களில் ஒருத்தி ஒப்பந்தக் கடனில் விற்கப்பட்டு, அந்தக் கடனை அடைக்கவே ஆபத்தான வேலைகளைச் செய்பவள். இரண்டிலும் திருட்டுதான் கதையை ஓட்டுகிறது என்று தோன்றும். படித்து முடிக்கும்போது மனத்தில் நிற்பதோ வேறு. ஒரு கல்லை வைத்திருப்பதனால் ஒருவர் அரசராகிவிட முடியுமா? ஒரு பெண்ணின் பல ஆண்டு உழைப்பு இன்னொருவருக்குச் சொந்தம் என்று ஒரு தாள் சொன்னால், அதைக் கிழித்துப் போடுவது திருட்டா? வீட்டை விட்டு வந்து, வேறு யாரோ வகுத்த விதிகளுக்குள் முதன்முதலாக வாழத் தொடங்கும் வயதில் இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. அன்றாடம் முட்டி நிற்பவை.

கள்வன் யார் என்ற கேள்வியைக் கூர்மையாகக் கேட்ட நூல்களுள் சிலப்பதிகாரத்துக்கு முன்வரிசை உண்டு. அதன் மதுரைப் பகுதி முழுக்க முழுக்க மந்திரம், திருட்டு, அரசு என்ற மூன்றால் ஆனது. அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலன் மீது பழியைப் போடுகிறான். கொல்ல வந்த காவலர்களுக்கு ஐயம் எழுகிறது. இவன் முகத்தைப் பார்த்தால் கள்வன் போலத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் அப்போது, திருடர்கள் நம்பியிருக்கும் துணைகள் எட்டு என்று ஒரு பாடமே நடத்துகிறான். மந்திரம், தந்திரம், மருந்து, தெய்வம், நிமித்தம், காலம், இடம், கருவி என்று அடுக்குகிறான். கண்ணுக்குத் தெரியாமல் மறைவார்கள், தேவர்களையும் ஏமாற்றுவார்கள் என்று அச்சமூட்டுகிறான். எதையும் திருடாத ஒரு வணிகன் இந்தப் பேச்சினாலேயே மாயக் கள்வனாகி வெட்டுண்டு சாகிறான். பின்னால் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்கும்போது, கள்வன் என்ற பெயர் தன்னுடையது என்று பாண்டியனே ஏற்றுக்கொண்டு உயிர் விடுகிறான். ஒருவனைத் திருடன் என்று அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அது எவ்வளவு எளிதில் வழுக்கி விழுகிறது என்பதை இதைவிட வலுவாகச் சொன்ன கதையை நான் அறியேன். ஆனாலும் பள்ளியில் இது மதிப்பெண்ணுக்கான பகுதியாகவே இளைஞர்களுக்கு அறிமுகமாகிறது. திருட்டும் மாயமும் கலந்த கதையாக அதை அவர்கள் அனுபவிக்க நாம் விடுவதில்லை.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் இன்னும் பொருத்தமான சான்று. பெற்ற தாய் விட்டுச் சென்ற குழந்தைக்கு ஒரு பசு பால் கொடுத்துக் காக்கிறது. அந்தணர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். இளைஞனானவன், வேள்வியில் பலியிடக் கட்டி வைத்த பசுவை நள்ளிரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். ஊரார் துரத்திப் பிடித்து அடிக்கிறார்கள். அவன் பிறப்பைச் சொல்லி இழிவு செய்து ஊரை விட்டே விரட்டுகிறார்கள். மதுரைக்கு வந்து பிச்சை எடுத்து, பார்வையற்றோருக்கும் உறுப்புக் குறையுற்றோருக்கும் முதலில் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்று வாழ்கிறான். சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருகிறாள். மறுபிறவியில் அவன் சாவக நாட்டின் அரசனாகிறான். இரவில் பசுவைக் களவாடியவன், மந்திரப் பாத்திரம் ஏந்தியவன், முடி சூடியவன் ஆகிய மூவரும் ஒருவனே. இன்றைய இளைஞர் கற்பனை நாவல் ஒன்றின் கதைச் சுருக்கம் என்று சொல்லி இதை நீட்டினால் எந்தப் பதிப்பாளரும் மறுக்கமாட்டார். அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் திருட்டை மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் எப்படி வைத்திருக்கிறார் என்பது. பசு அவர்களுடைய உடைமை. சட்டம் அவர்கள் பக்கம். அறமோ ஆபுத்திரன் பக்கம். இரண்டும் ஒன்றாக இல்லாத ஓர் இடத்தில் படிப்பவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, முடிவை அவரிடமே விடுகிறார்.

மந்திரத்தைக் கையாண்ட விதத்திலும் மணிமேகலை இந்த வகைக்கு முன்னோடி. நல்ல கற்பனை நாவலில் மந்திரத்துக்கு விதி உண்டு, விலையும் உண்டு. வேண்டியபோது வேண்டியதைத் தரும் மந்திரத்தால் கதைக்கு ஒரு பயனும் இல்லை. மணிமேகலைக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுருக் கொள்வது, வானில் செல்வது, பசியைத் தாங்குவது. தன்னைத் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். அந்த உருவத்தைக் கண்டு தன் மனைவி என்று மயங்கிய விஞ்சையன் இளவரசனை வெட்டிக் கொல்கிறான். மணிமேகலை சிறைக்குப் போகிறாள். தற்காப்புக்காக எடுத்த மாற்றுருவம் ஓர் உயிரைப் பலி வாங்கிவிட்டது என்ற பாரத்தைக் காப்பியம் மறைக்கவில்லை. அமுதசுரபிக்கும் இப்படி ஒரு விதி இருக்கிறது. இந்திரன் மழை பெய்வித்து நாடு செழித்தபோது, வாங்கி உண்பார் இல்லாமல் ஆபுத்திரன் பாத்திரத்தோடு அலைந்து திரிய வேண்டியதாயிற்று. விற்கவோ சேர்த்து வைக்கவோ முடியாத ஒரு சக்தி அது. இன்னொருவரின் பசி இருந்தால்தான் அதற்குப் பொருள். அதே பாத்திரத்தை ஏந்தி மணிமேகலை வந்து பஞ்சத்தைப் போக்கிய ஊர் காஞ்சி. தண்டலம் வழியாகப் போகும் நெடுஞ்சாலைக்கு எட்டும் தூரத்தில்தான் அது இருக்கிறது.

காப்பியங்களோடு இது நின்றுவிடவில்லை. திருமங்கையாழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதையில், ஆலிநாட்டுத் தலைவரான அவர் நாள்தோறும் 1008 வைணவர்களுக்கு அமுது படைப்பதாக, தாம் மணக்க விரும்பிய குமுதவல்லிக்கு வாக்குக் கொடுக்கிறார். சோழனுக்குச் செலுத்த வேண்டிய பகுதிப்பணம் அதிலேயே கரைகிறது. கையிருப்பும் தீர்ந்த பின் வழிப்பறியில் இறங்குகிறார். அவருடைய கூட்டாளிகள் நால்வர்: நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன். ஒருவன் தண்ணீர் மேல் நடப்பான், ஒருவன் நிழலுக்குள் மறைவான், ஒருவன் பூட்டை ஊதியே திறப்பான், ஒருவன் வாதத்தில் தோற்கவே மாட்டான். பார்டூகோவின் அறுவர் கூட்டத்துக்குப் பல நூற்றாண்டு மூத்த கூட்டம் இது. மணமக்கள் கோலத்தில் வந்த பெருமாளையே வழிமறித்து, நகையோடு திருவெட்டெழுத்தையும் பெற்ற அந்தக் கொள்ளையை வேடுபறி என்ற பெயரில் திருவரங்கத்தில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், காத்து வைத்திருந்த மந்திரப் பொருளைத் திருக்கோட்டியூரில் ஊரறிய அறிவித்தார் என்பதும் மரபில் பரவலாக வழங்குவது. பூட்டி வைத்ததைத் திறந்து எல்லோருக்கும் கொடுப்பது குற்றமா கொடையா என்ற கேள்வி, இந்த வட்டாரத்தின் மண்ணிலேயே ஊறியிருக்கிறது.

திருட்டைப் பெருமைப்படுத்தும் கதைகளை இளைஞர் கையில் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி எழும். பொறுப்புள்ள பெற்றோரும் ஆசிரியரும் கேட்பது அது. தட்டிக் கழிக்கக் கூடாது. திருமங்கையாழ்வார் கதையிலேயே ஒரு சிக்கலான பகுதி இருக்கிறது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரையின் பொற்சிலையை எடுத்து, அந்தப் பொன்னைக் கொண்டு திருவரங்கத் திருப்பணி செய்தார் என்று அதே குருபரம்பரை சொல்கிறது. ஒரு சமயத்தாரின் வழிபாட்டுப் பொருளை எடுத்து இன்னொரு சமயத்தாரின் மதிலை எழுப்புவது நியாயமா? ஆபுத்திரன் பசுவைக் கொண்டுபோனதும் இதுவும் ஒன்றாகுமா? என் கருத்தில் ஆகாது. ஓர் உயிரைக் காக்க எடுத்ததும், பிறர் வணங்கியதை எடுத்ததும் ஒரே தட்டில் வைக்கக் கூடியவை அல்ல. ஆனால் அந்த வேறுபாட்டை ஓர் இளைஞர் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு கதைகளும் அவர் முன் இருக்க வேண்டும். திருடாதே என்ற அறிவுரை எல்லோருக்கும் தெரியும். எது திருட்டு என்று பிரித்தறியும் பழக்கம் அறிவுரையால் வராது. நல்லவரா கெட்டவரா என்று உடனே சொல்லிவிட முடியாத ஒரு பாத்திரத்தோடு முந்நூறு பக்கம் நடந்து போனால் வரும்.

மாயக்கதை தப்பித்தல்தானே, தொழிலாளியின் வாழ்வுக்கு யதார்த்த இலக்கியம் அல்லவா வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. யதார்த்த நாவல் கட்டாயம் வேண்டும். இந்தத் தொழிற்பட்டையைப் பற்றி இன்னும் பல நாவல்கள் வர வேண்டும். ஆனால் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்தவரிடம் அவருடைய நாளையே திரும்ப எழுதிக் காட்டினால் மட்டும் அவர் யோசித்துவிடுவார் என்பது இல்லை. தூரத்தில் நிற்கும் கோட்டை, கிட்டே இருக்கும் மதிலைக் காண உதவும். 2021 டிசம்பரில் கைப்பேசி ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். பசியும் உணவும் கண்ணியமும்தான் அன்றைய பொருள். மணிமேகலையின் பொருளும் அதுவே. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி அரசனிடம் கேட்டு வாங்கிய இளம்பெண்ணின் கதையை அந்த வயதுப் பெண்கள் படித்தால், அதைத் தப்பித்தல் என்று யாரும் சொல்ல முடியாது.

அரசர்கள் எதற்கு, குடியாட்சியில் பிறந்தவர்களுக்கு மகுடக் கதைகள் பழைய அடிமைப் புத்தியை ஊட்டாதா என்றும் கேட்கலாம். வாள் சுழற்றும் மன்னர்களைப் போற்றிப் பாடும் சரித்திர நாவல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த அச்சம் இயல்பு. ஆனால் திருடன் நாயகனாக வரும் கதை அரண்மனையைப் பின்கட்டு வழியாகப் பார்க்கிறது. அங்கே தெரிவது சிம்மாசனத்தின் பொன் அல்ல. அதைத் தாங்கும் வரி, சிறை, காவல், பொய்ச்சாட்சி. பாண்டியன் கதையைப் படித்து எவரும் முடியாட்சியை விரும்பிவிடப் போவதில்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லும் எந்த அதிகாரத்தையும், அது அரண்மனையில் இருந்தாலும் அலுவலகத்தில் இருந்தாலும், நம்பக் கூடாது என்றுதான் கற்றுக்கொள்வார்.

கடைசியாக, கைப்பேசி இருக்கும்போது யார் படிப்பார்கள் என்ற சலிப்பு. படிக்கக் கொடுக்காமலே படிக்கமாட்டார்கள் என்று தீர்ப்பெழுதுவது பாண்டியன் செய்த பிழைதான். 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்துக்குத் திரண்ட தமிழ்க் கூட்டத்துக்கு மாயக் குகையும் திருடனும் பிடித்திருந்தன. அந்த விருப்பம் இன்று திரையில் மட்டும் தீனி பெறுகிறது. சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது, ஆண்டு 1948. அந்த மாநிலத்தில், 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அத்தகைய விடுதிகள் ஒவ்வொன்றிலும் ஷிப்டுக்கு ஏற்பத் திறந்திருக்கும் ஒரு நூலகம் வேண்டும். அதன் அலமாரியில் வைக்கப் புத்தகம் எழுதுவது எழுத்தாளர்களின் கடமை. அதை மலிவு விலையில் அச்சிடுவது பதிப்பாளர்களின் கடமை. ஆபுத்திரனை நாயகனாக வைத்து, தாளூதுவானின் வாரிசு ஒருத்தியைத் துணைக்குச் சேர்த்து, இந்தத் தலைமுறையின் தமிழில் ஒரு நாவல் வரட்டும். பொருளைச் செய்பவருக்கும் அதை உடைமையாகக் கொள்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தை நாள்தோறும் தங்கள் கையாலேயே அளந்து பார்க்கும் இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். கள்வன் யார் என்ற கேள்வியை அவர்களைவிடத் தகுதியோடு படிக்கக் கூடியவர்கள் வேறு யாரும் இல்லை.