தாத்தா வீடு பீடோரில் இருக்கிறது

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குக் காரில் போகும் பலருக்கு பீடோர் ஒரு சாப்பாட்டு நிறுத்தம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வாத்துக்கால் மீ சாப்பிட்டு, ஒரு பை கொய்யாவும் இரண்டு கட்டு பெத்தாயும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிவிடுவார்கள். வேறு சிலருக்கு அது அப்பா பிறந்த ஊர், பாட்டி இருக்கும் ஊர். தீபாவளிக்கு வருவார்கள், இரண்டு நாள் தங்குவார்கள். கிளம்பும் நேரத்தில், "இந்த வீட்டை என்னதான் செய்யறது?" என்று யாராவது ஒருவர் கேட்பார். யாரும் பதில் சொல்வதற்குள் கார் புறப்பட்டுவிடும். இந்தக் கட்டுரை இரு தரப்பினருக்கும்தான்.

ஈயம், பிறகு கித்தா

பேராக்கின் தென்பகுதியில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருக்கிறது பீடோர். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே தெலுக் இந்தான் வரை சமவெளி. மலையடிவாரத்தில் பூர்வகுடிக் கிராமங்கள், பட்டணத்தில் சீனர் கடைவரிசைகள், சுற்றிலும் மலாய்க் கம்போங்குகள், அவற்றுக்கிடையே நம்மவர் வாழ்ந்த தோட்டங்கள்.

இந்த வட்டாரத்துக்கு முதலில் ஆள் சேர்த்தது ஈயம். பிறகு ரப்பர் வந்தது. 1877இல் கோலகங்சாரில் சோதனைக்காகச் சில கன்றுகளை நட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து கார்களுக்கு டயர் தேவைப்பட்டதும், பேராக்கின் காடுகள் வரிசை வரிசையான கித்தாத் தோட்டங்களாயின. மரம் சீவ தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிவந்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்த வரவுக்குத் தடை விதித்தது.

அதே காலத்தில் ஜாவாவிலிருந்தும் மக்கள் பேராக்குக்கு வந்தார்கள். கடலோரம் பாகான் டத்தோ பக்கம் போனால் அவர்களின் வழிவந்தவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்களில் பலர் காடு வெட்டி, வாய்க்கால் தோண்டி, தென்னை வைத்து, கம்போங் அமைத்தார்கள். வீட்டைச் சுற்றி நிலம் இருந்தது, அந்த நிலம் பிள்ளைகளுக்குப் போனது. நம்மவர் குடியேறியது லயத்தில். வீடு கம்பெனியுடையது. ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில் நின்ற இடம் எல்லாமே கம்பெனி நிலம். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தும், காலடி மண் சொந்தமில்லை.

சொந்த நிலம் என்ற கனவு

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டு துண்டாகப் போயின. தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளி பங்கு, அதையும் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பால்மரம் வெட்டியவர்களின் சேமிப்பில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்ற முடியவில்லை. கித்தா போய் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. லயங்கள் காலியாகின.

வானொலியில் நேயர்களுடன் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஊர் எது என்று கேட்டால், வயதானவர்கள் பீடோர் என்று நிறுத்துவதில்லை, தோட்டத்தின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். அந்தத் தோட்டத்தில் இன்று ஒரு வீடுகூட இருக்காது. முகவரி போன பிறகும் பெயர் நிற்கிறது. செம்பனைக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் கோயிலுக்கு ஆண்டுக்கொரு முறை ஷா ஆலாமிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் குடும்பங்கள் வந்து பொங்கல் வைப்பதும் அதனால்தான்.

கிராண்டு யார் பேரில்?

தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களில் சிலர் இ.பி.எஃப். பணத்தைப் போட்டு, நகையை விற்று, பீடோர் பட்டணத்தையொட்டிச் சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள். அரைச்சுவர் செங்கல், மேலே பலகை, தகரக் கூரை. முன்னால் துளசி, பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும். நம் குடும்பங்களில் பலருக்கு முதல் சொந்த மண் இதுதான்.

இன்றைய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கிராண்டு யார் பேரில் என்று கேட்டால், இறந்துபோன தாத்தா பேரில் என்ற பதில் அடிக்கடி வரும். அந்த நிலையில் வீட்டை விற்க முடியாது, வங்கியில் அடமானம் வைத்து எடுத்துக்கட்டவும் முடியாது. காலம் போகப்போக வாரிசுகளில் ஒருவர் இறப்பார், அவர் பிள்ளைகளும் கணக்கில் சேர்வார்கள். ஐந்து கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியது இருபதாகும்.

வழி இல்லாமல் இல்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலத்தை, மொத்தச் சொத்தின் மதிப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்கீழ் நில அலுவலகமே வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். பீடோர் போன்ற சிற்றூரின் சாதாரண வீடு எளிதாக அந்த வரம்புக்குள் வந்துவிடும். பீடோருக்கான மாவட்ட நில அலுவலகம் தாப்பாவில் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், கிராண்டு நகல், வாரிசுகளின் அடையாள அட்டை விவரங்களோடு மனு கொடுத்தால், விசாரணைக்கு நாள் குறித்து எல்லாரையும் அழைப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதம் கிடையாது. கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாங்க நினைக்கிறீர்களா?

வேலை ஓய்வுக்குப் பிறகு ஒரு துண்டு நிலம், நாலு பழமரம் என்று ஆசைப்படுபவர்கள் இப்போது அதிகம். முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பாருங்கள். அதில் நான்கு விஷயங்கள் முக்கியம். நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் அதிகபட்சம் 99 ஆண்டு, அதில் எத்தனை மிச்சம்? புதுக்கிராம மனைகளில் இந்தக் கேள்வி மிக அவசியம். நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா? மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று குறித்திருக்கிறதா? அப்படியென்றால் நம்மால் வாங்க முடியாது. பல பேர் கூட்டாக உரிமை வைத்திருக்கிறார்களா? வாங்கிய பிறகு நிலவரியை ஆண்டுதோறும் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் அரசாங்கம் நிலத்தையே எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. ஆள் இல்லாத தாத்தா வீடுகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எப்படிப் போவது, என்ன பார்ப்பது?

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கைக்கும் தாப்பாவுக்கும் நடுவே பீடோர் வெளிவழி. தலைநகரிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். ரயிலென்றால், இ.டி.எஸ். வண்டிகள் சில தாப்பா ரோட்டில் நிற்கும், அங்கிருந்து கார் எடுக்க வேண்டும். நேரம் இருந்தால் பழைய கூட்டரசு சாலையில் வாருங்கள். 1994இல் நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கும்வரை வடக்கே போன பேருந்துகளும் லோரிகளும் இந்தச் சாலையில்தான் ஓடின. பீடோர் சாப்பாட்டு ஊராகப் பெயரெடுத்ததற்கு அந்தச் சாலையும் ஒரு காரணம்.

காலையிலேயே வந்து நம்மவர் கடையில் பசியாறுங்கள். மதியத்துக்கு, மூலிகைச் சூப்பில் வெந்த வாத்துக்கால் மீக்குப் பேர்போன பன் சுன் கடை இருக்கிறது. மாலையில் மேற்கே ஓட்டினால் தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம். வடக்கே தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து ஏறும் பழைய பாதை.

இவற்றுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பெரியவர்களோடு உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், இந்த மனையை எந்த ஆண்டில், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அலமாரியைத் திறக்கச் சொல்லி கிராண்டை எடுத்துப் பாருங்கள். தாப்பா நில அலுவலகம் சனி, ஞாயிறு திறக்காது. அதனால் அடுத்த முறை வரும்போது ஒரு வேலைநாளும் சேர்த்து விடுப்பு எடுங்கள்.