பிரேக்கில் ஒரு கால்

டிராம்சோ, நார்வே, திங்கள் இரவு

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வந்தும் ஊருக்குள் மைனஸ் நான்குதான். தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டத்தின் தயவில் இந்தத் துறைமுகம் உறைவதே இல்லையாம். கரையோரம் துருவப் பயணி அமுண்ட்சென் சிலையாக நிற்கிறார். 1928 ஜூனில், விழுந்துபோன ஓர் ஆகாயக் கப்பலின் ஆட்களைத் தேடி இங்கிருந்து விமானம் ஏறியவர் திரும்பவே இல்லை. 1911இல் அவர் தென் துருவத்துக்கு ஓட்டிப்போன 52 நாய்களில் 11தான் முகாமுக்கு மீண்டன. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை வழியிலேயே கொன்று, ஆட்களுக்கும் மிச்ச நாய்களுக்கும் இரையாக்கினார்கள். புறப்படும்போதே போட்டுவைத்த கணக்கு அது. நாளைக்கு நாய்வண்டி ஓட்டப்போகிறவள் இன்று படித்திருக்க வேண்டாம்.

செவ்வாய், மாலை

க்வாலோயா தீவில் இருக்கிறது நாய்ப் பண்ணை. வேனிலிருந்து இறங்கும் முன்பே ஊளை கேட்டது. நீலக் கண்ணும் புசுபுசுவென்ற ரோமமும் தேடிய என் கணவருக்கு ஏமாற்றம். "நம்ம தெருவில பார்க்கிற மாதிரியே இருக்கே" என்றார். உண்மைதான். ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஆளுக்கொரு நிறம். அலாஸ்கன் ஹஸ்கி என்பது சங்கங்கள் ஏற்றுக்கொண்ட ஜாதியல்ல. வேகத்துக்காகவும் பசிக்காகவும் கலந்து கலந்து எடுத்த ஓட்டக்கார இனம். எடை இருபது, இருபத்தைந்து கிலோ.

சேணம் மாட்டுவது நம் வேலை. தலையை நுழைத்ததும் என் நாய் தானாகவே முன்காலைத் தூக்கி நீட்டியது. மாட்டி முடித்ததுதான் தாமதம், நான்கு காலும் தரையை விட்டு எழும்பக் குதிக்கிறது, கயிற்றைக் கடிக்கிறது, பக்கத்து நாயின் மேல் ஏறுகிறது. பேச்சு காதில் விழவில்லை.

வழிகாட்டிப் பெண் கத்திச் சொன்னதில் முதல் பாடம்: "என்ன ஆனாலும் கைப்பிடியை விடாதீங்க. விழுந்தாலும் விடாதீங்க. அதுங்க உங்களுக்காக நிக்காது." கடிவாளம் கிடையாது, சாட்டை கிடையாது. முன்னால் ஓடும் தலைமை நாய்களுக்கு 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம். அதுகூட நமக்கு வேண்டியிருக்கவில்லை. முன்வண்டி போன தடத்திலேயே அவை போகும். ஓட்டுகிறவருக்கு மிஞ்சுவது பிரேக். சறுக்குக் கட்டைகளுக்கு நடுவே இரண்டு இரும்பு நகம் வைத்த ஒரு பட்டை. ஏறி மிதித்தால் பனியைக் கீறிப் பிடிக்கும். ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் மிதிக்க வேண்டும். கயிறு தொய்ந்தால் வண்டி கடைசி நாய்களின் பின்னங்காலில் போய் மோதும்.

வண்டி நகராதிருக்கப் பனியில் குத்தியிருந்த நங்கூரத்தைப் பிடுங்கியதும் அத்தனை சத்தமும் ஒரு நொடியில் அடங்கிவிட்டது. பிறகு மூச்சிரைப்பும் கட்டை உரசும் ஒலியும்தான். ஓடிக்கொண்டே தலையைச் சாய்த்துப் பனியை ஒரு வாய் அள்ளுகின்றன. இந்தக் குளிர் அவற்றுக்கு வெக்கை. மைனஸ் பத்து, பதினைந்துதான் தோது. ஓடிக்கொண்டே மலமும் கழிக்கின்றன, வேகம் குறையாமல். கலைமான் தோல் விரித்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த இவருக்குத்தான் முதல் வாசம்.

முதல் இறக்கத்திலேயே புரிந்தது, இழுக்கச் சொல்லி இவற்றை யாரும் வற்புறுத்த முடியாது. நிற்கச் சொல்வதற்குத்தான் என் ஐம்பத்தெட்டு கிலோவும் போதவில்லை. நிறுத்திய இடத்திலெல்லாம் திரும்பிப் பார்த்து என்னைத் திட்டின.

செவ்வாய், படுக்கும் முன்

வாயில்லா ஜீவனை வதைக்கிறோமோ என்ற உறுத்தல் இழுப்பதைப் பார்த்ததும் போய்விட்டது. வேறொன்று ஒட்டிக்கொண்டது. ஓட்டமில்லாத நேரத்தில் ஒவ்வொன்றும் தன் மரப்பெட்டியருகே குட்டைச் சங்கிலியில் கிடக்கிறது. ஓடப் பிறந்ததற்கு அந்த வட்டம் போதாது. பயணிகள் கேட்க வேண்டியது அதைத்தான்.

நாய்க்கு நேர்ந்த இன்னோர் அநியாயமும் நினைவுக்கு வந்தது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரத்துக்குத் தொண்டை அடைப்பான் மருந்தைக் கொண்டுபோன நாய்வண்டித் தொடரில் லியோன்ஹார்ட் செப்பாலாவும் ஒருவர். இந்த டிராம்ஸ் மாவட்டத்தில் பிறந்தவர். மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியது அவருடைய தலைமை நாய் டோகோ. அப்போது அதற்குப் பன்னிரண்டு வயது. ஆனால் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அதே ஆண்டில் சிலை எழுந்தது, கடைசிக் கட்டத்தை ஓடிய பால்டோவுக்கு. செப்பாலாவுக்கு அது கடைசிவரை ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை.

புதன்

தொடை பிடித்துக்கொண்டது, பிரேக் மிதித்த கால் மட்டும். பனி இல்லாத இலையுதிர் காலத்தில் நாய்களை எப்படிப் பழக்குவீர்கள் என்று நேற்றே கேட்டிருந்தேன். நான்கு சக்கர மோட்டார் வண்டியின் முன்னால் கட்டுவார்களாம். கியரில் போட்டு, இன்ஜினையே பிடிமானமாக வைத்துக்கொண்டால்தான் சமாளிக்க முடியுமாம்.