மரக்குவளையும் வெள்ளைக் குளிசையும்

அம்மாவின் குளிசையை நிறுத்தியவன் நான். இதை வெளியில் சொல்ல ஏழு வருடம் பிடித்தது.

லிந்துலையில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர் அம்மா. வேலையிலிருந்து நின்ற பிறகு சீனி வருத்தம் வந்தது. கிளினிக்கில் மெட்ஃபோர்மின் கொடுத்தார்கள். "வயித்தப் பெரட்டுதுப்பா" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை.

ஹட்டனில் ஒரு மரக்குவளை வாங்கி வந்தேன். கோதல ஹிம்புட்டு மரத்தில் கடைந்தது, தமிழில் பொன்கொரண்டி. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியும்போது இளஞ்சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் நிற்கும். அம்மா விரும்பிக் குடித்தார். குளிசைகளை அலுமாரிக்குள் ஒதுக்கினேன். "இது மூலிகைம்மா, ஒண்ணும் செய்யாது" என்றேன். யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் காலில் பட்ட சிறு கீறல் ஆறாமல் கறுத்தது. சீனி 380. சுண்டுவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. டாக்டர் என்னை ஏசவில்லை. "அந்தக் குவளையில ஒரு நாளைக்கு எவ்வளவு மருந்து இறங்குது, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன். குவளை பொய் இல்லை. அந்த மரத்திலிருந்து சலசினோல் என்ற பொருளை ஜப்பானின் மசாயுகி யோஷிகாவா குழுவினர் பிரித்தெடுத்து 1997இல் அறிவித்தார்கள். சோற்றின் மாவுச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியை அது தடுக்கிறது. இலங்கையில் பிறந்து கனடாவில் பேராசிரியரான மரியோ பின்டோவின் குழு அதை ஆய்வுகூடத்திலேயே செய்து பார்த்தது. நொதியின் பள்ளத்தில் இந்த மூலக்கூறுகள் எப்படிப் பொருந்துகின்றன என்று படம் பிடித்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் சங்கிலியை நீட்டினார்கள், ஓரிடத்தில் சல்பேட்டைக் கழற்றினார்கள். கழற்றிய வடிவம் ஒன்று முன்னதைவிட இறுக்கமாகப் பிடித்தது. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 51 நோயாளிகளுக்கு இந்த மரம் சேர்ந்த தேநீரையும் வெறும் தேநீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்; எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மரம் சேர்ந்த தேநீரில் சீனி ஓரளவு கட்டுப்பட்டது. ஆய்வில் தேநீருக்கு அளவு இருந்தது. என் குவளைக்கு அது இல்லை. புதிதில் நன்றாகச் சாயம் இறங்கிய மரம், வாரங்கள் போகப்போக வெளுத்தது. நான் அதையும் கவனிக்கவில்லை.

இன்னொன்றைப் படித்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. நான் ஒதுக்கிய குளிசைக்கும் வேர் ஒரு செடியில்தான். ஐரோப்பாவின் கலீகா செடியில் சீனியைக் குறைக்கும் கலீகின் இருந்தது. ஆனால் நஞ்சு அதிகம். அதே சாயலில் நஞ்சு குறைந்த மெட்ஃபோர்மினை 1922இல் டப்ளினில் செய்தார்கள். பிரான்ஸின் ழான் ஸ்டேர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957இல் எழுதும்வரை முப்பத்தைந்து வருடம் அது சீனி வருத்தத்துக்கு மருந்தாகாமல் கிடந்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம வீ.பி. மலை மாதிரியா?" என்றார். விதையிலிருந்து அல்லாமல் கிளையிலிருந்து உண்டாக்கும் தேயிலைதான் வீ.பி. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனையோ செடிகளைப் பார்த்து, கழித்து, தேறிய ஒன்றின் கிளையிலிருந்து உண்டாக்கியதுதான் டி.ஆர்.ஐ. 2025. அது நட்ட மலையில் அவர் கொழுந்து எடுத்திருக்கிறார். ஆமாம் அம்மா, அதே மாதிரிதான்.

மூலிகைக்கும் குளிசைக்கும் சண்டை என்று நினைத்திருந்தேன். செடியில் இருப்பதைப் பிரித்து, திருத்தி, அளந்து, ஆளுக்குக் கொடுத்துப் பார்த்த உழைப்பையும் சேர்த்ததுதான் குளிசை. அந்த உழைப்பு முழுவதையும் நான் ஒரு ராத்திரியில் தூக்கிப் போட்டுவிட்டேன்.

இப்போது அம்மா மெதுவாகக் கரையும் மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டோடு எடுக்கிறார். வயிறு புரட்டவில்லை. "வயித்தப் பெரட்டுது" என்று எத்தனையோ பேர் டாக்டரிடம் போய்ச் சொன்னதும் அந்த வடிவம் வர ஒரு காரணம். அம்மாவும் சொன்னார், என்னிடம். நான் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவில்லை.