பொய்த்தரை

அலுவலகங்களில் அதற்கு ‘ஃபால்ஸ் ஃப்ளோரிங்’ என்று பெயர். அசல் கான்கிரீட் தரைமேல் இரும்புக் கால்களை நிறுத்தி, இரண்டடிக்கு இரண்டடி சதுரப் பலகைகளை அவற்றின் தலையில் உட்கார வைக்கிறார்கள். பெரும்பாலும் ஸ்டீல் தகட்டுக்குள் சிமெண்டுக் கலவை அடைத்த பலகைகள். ஒவ்வொரு காலிலும் ஒரு மரை. அதைத் திருகி மேடு பள்ளத்தைச் சரிசெய்து கொள்ளலாம். கீழே உள்ள வெற்றிடத்தில் மின்கம்பிகளும் கேபிள்களும் ஓடுகின்றன. ஏஸியின் குளிர்க்காற்றை அதற்குள் செலுத்தி, துளையிட்ட பலகைகள் வழியாக இயந்திரங்களுக்கு முன்னால் மேலே வரவிடுவதும் உண்டு. அறையை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்துக் கணிப்பொறிகளுக்காக ஏற்பட்டது; பிறகு சாதாரண அலுவலகங்களுக்கும் பரவியது.

மண்டபத்தூர்க்காரனான நான் இதை முதலில் பார்த்தது சென்னையில், வங்கி என்னைப் பயிற்சிக்கு அனுப்பியபோது. கணிப்பொறிக்கு எல்லை வகுத்து வங்கி ஊழியர் சங்கங்கள் ஒப்பந்தம் போட்டது 1983ல். இன்று எங்கள் ஊர்க் கிழவிகளின் கணக்குகூட இப்படி ஒரு தரையின் மேல்தான் இருக்கிறது.

பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே சரி. கால் வைத்ததும் அடியில் ஒரு ‘டொம்’. அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26ல் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்து போயிற்று. சுவர்கள் நின்றன. சிவப்புச் சிமெண்டுத் தரை, சேற்றைக் கழுவிவிட்டதும், பழையபடி பளபளத்தது. திரும்பிய தண்ணீர் தரைக்கடி மணலை உருவிக்கொண்டு போயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அடுக்களைப் பக்கம் நடந்தால் மட்டும் ‘டொம்’ என்றது.

“அடியில ஒண்ணுமில்லடா, தரை டொம்முங்குது” என்றாள் அப்பாயி.

அப்பா காதில் வாங்கவில்லை. அத்தனை சாவு விழுந்த கரையில் தரைச் சத்தத்தைப் பற்றி யார் பேசுவது? எனக்கும் கேட்டது; நானும் பேசவில்லை. பொங்கல் கழிந்து ஒரு விடியலில் அப்பாயியோடு தரை உள்ளே இறங்கியது. முழங்கால் ஆழம்தான். இடுப்பெலும்பு போயிற்று. அதன்பின் அவள் எழுந்து நடக்கவில்லை.

சென்னையில் நான் தயங்கி நிற்பதைப் பராமரிப்பு ஆள் கவனித்துவிட்டார். ரப்பர் உறிஞ்சுகள் பதித்த ஒரு பிடியைப் பலகையில் அழுத்தி, சட்டி மூடியைப் போலத் தூக்கிக் காட்டினார்.

“காலியாத்தான் சார் இருக்கும். அதுக்குத்தானே போட்டது.”

குனிந்து பார்த்தேன். கால்கள், கம்பிகள், கொஞ்சம் தூசி. வரிசையாக நிறையப் பலகைகளை எடுத்தால் மிச்சத் தரை ஆட்டம் கண்டுவிடும் என்று சொல்லி, மூடிவிட்டுப் போனார்.

ஆங்கிலத்தில் இதற்குப் ‘பொய்’ என்று பெயர் வைத்தவன் அவசரக்காரன். பொய்க்கால் குதிரை ஆடுபவனை நாம் பொய்யன் என்பதில்லை. கட்டை கட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். தன் வெறுமையை ஒப்புக்கொண்டு, திறந்தும் காட்டுகிற தரை இது. எங்கள் வீட்டில் இருந்ததோ அசல் தரை.

விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது கட்டிட விஷயமாக மட்டும் நின்றுவிடவில்லை. கவிதைக்கு அடியில் வெற்றிடம் இருப்பது குற்றமில்லை. பலகையைத் தூக்கினால் அங்கே ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் வட்டத்தில் தூக்கிப் பார்க்கிற வழக்கம் குறைந்துவிட்டது. எழுதியவர் நண்பர், பளபளப்பும் இருக்கிறது, போதும் என்று விட்டுவிடுகிறோம்.

சமீபத்தில் ஒரு நண்பரின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். ஏழெட்டு இடங்களில் ‘டொம்’ என்று கேட்டது. ‘செறிவு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தபாலில் சேர்க்கவில்லை. திரும்ப எழுத வேண்டும்.