நன்றி, நாளை சந்திப்போம்

மனநல ஆய்வுக்கு வந்த புதிதில், எண்களையே நான் பெரிதும் நம்பினேன். சிங்கப்பூரில் 2016இல் தொடங்கிய ஆய்வின்படி, ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வு போன்ற ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினைக்கு ஆளாகியிருந்தார். அவர்களில் பெரும்பாலோர் எந்த உதவியையும் நாடவில்லை.

ஆகவே, எங்கள் குழு ஒரு செயலியை உருவாக்கியது. “இன்று எப்படி இருக்கிறீர்கள்?” என்று அது ஒவ்வோர் இரவும் கேட்கும். மனிதரிடம் சொல்லத் தயங்குவதைச் சிலர் இயந்திரத்திடம் சொல்லிவிடுவார்கள். 1960களில் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்ற உரையாடல் நிரலை உருவாக்கினார். அதனுடன் தனியாகப் பேச விரும்பிய அவருடைய செயலாளர், அவரையே அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்!

எங்கள் சோதனையில் பங்கேற்ற பல்கலைக்கழக மாணவி ஒருவர், ஒருநாள் என் அறைக்கு வந்து கைத்தொலைபேசியை நீட்டினார்.

“மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, அழுகையாக வருகிறது என்று எழுதினேன், சார். பதிலைப் பாருங்கள்.”

திரையில் ஒரு சிரித்த முகம். அதன் கீழே, “நன்றி! நாளை சந்திப்போம்!”

அந்த வரியை எழுதியவன் நான்தான்.

“அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை” என்றார் அவர். அன்று மாலைவரை பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, ஆலோசகரைப் பார்க்க அவருடன் நானும் சென்றேன்.

இப்போது யாராவது அப்படி எழுதினால், மறுநாள் காலையிலேயே ஓர் ஆலோசகர் அவரை அழைக்கிறார். எங்கள் ஆய்வுக் கட்டுரையில் இந்த மாற்றத்துக்கு ஒரு வரிதான் இடம் கிடைத்தது.