தாம்பரத்தில் ஏறி, சொப்பு ஊரில் இறங்கினோம்

தாம்பரத்தில் இரவு செங்கோட்டை ரயில் ஏறினால், காலையில் அம்பாசமுத்திரம். மரச்சொப்புக்குப் பேர்போன ஊர். கடைசல் பட்டறையில் கட்டை சுழல, உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறக்கிறது. பேத்தி கண் கொட்டவில்லை!

எனக்கோ யூடியூபில் பார்த்த ஆசை. "ஈட்டியும் பலாவும் துண்டு துண்டா ஒட்டி, கட்டம் கட்டமா ஒரு கிண்ணம் கடைஞ்சு தருவீங்களா அண்ணாச்சி?"

"கடையலாம்மா. ரெண்டு மரமும் நல்லா காஞ்சிருக்கணும், ரேகை ஒரே வாக்குல ஓடணும். இல்லேன்னா வெயில் காலத்துல ஒட்டு விட்டுரும்லா!"

அவர் பட்டை போடுவது அரக்கில். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டிலேயே உருகி வண்ணம் பிடிக்கிறது. பிரஷ்ஷே கிடையாது.

அடுப்பு, உரல், குடம் என்று ஒரு செட் வாங்கினோம். பேரம் பேச வாய் வரவில்லை. மகன் தொழிலுக்கு வரவில்லையாம். தாம்பரம் பக்கம் கம்பெனி வேலை. லீவுக்கு அவனும் இதே ரயிலில்தான் வருவானாம்.